ரிசர்வ்ல போட்டுட்டு வந்துருங்க

களி வேகும் வாசனைக்கு நடுவே பெட்ரோல் கருகும் வாசனையும் வந்தால் அடுப்பில் பிளக் கிடக்கிறது என்று அர்த்தம். அம்மா ஒரு பக்கம் ராகிக் களியைக் கிண்டிக்கொண்டிருக்க, அப்பா இன்னொரு பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தணலை ஒதுக்கி, மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றிய அந்த விரல் நீளச் சாமானை நெருப்போரத்தில் வைத்து, அதன் முனையில் படிந்த எண்ணெய்க் கரி எரிந்து தீரும்வரை கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு அதை இடுக்கியால் எடுத்து, ஆறவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, ஊதி, வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மாடு வாங்கப் போனவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த எனக்கு, எங்களுக்குச் சோறாக்குகிற அடுப்பில் வண்டிக்கு எதற்குச் சமைக்கிறார் என்பது விளங்கவில்லை. அந்த வருடம் எனக்கு விளங்காமல் போன பலவற்றில் அது முதலாவது.

எங்கள் ஊர் கொல்லிமலையில் வாழவந்தி நாட்டைச் சேர்ந்தது; மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. அப்பா சாமையும் குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளியும் போடுவார்; காட்டோரத்து மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருந்தார். மிளகு நன்றாகக் காய்த்த ஒரு வருடம், மலையிறங்கி முள்ளுக்குறிச்சிக்குப் போய், அங்கே பட்டறை வைத்திருந்த ஒரு மெக்கானிக்கிடம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லமாட்டேன். சொன்னால் அந்த வண்டியின் ரசிகர்கள் இந்தக் கட்டுரையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்துக் குடித்துவிட்டு நீலப் புகை விடுகிற ரகம் என்று சொன்னால் போதும். அப்பாவுக்கு ஓட்டத் தெரியும். ரோடு வேலைக்குப் போன காலத்தில் மேஸ்திரியின் வண்டியில் பழகியிருந்தார். ஆனால் ஓடுகிற வண்டியைத்தான் அவருக்குத் தெரியுமே தவிர, நிற்கிற வண்டியைத் தெரியாது.

வண்டியை எடுக்கப் போன அன்று நானும் கூடப் போயிருந்தேன். மெக்கானிக் நல்ல மனிதர். பழைய வண்டியைப் புதிதாக வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிக்கொடுத்தார். காலையில் குளிர்ந்து கிடக்கும்போது "சோக்கு" இழுத்துவிட்டு உதைக்க வேண்டும், இன்ஜின் சூடானதும் மறக்காமல் அதைத் தள்ளிவிட வேண்டும். பிளக் கருத்துப்போனால் கழற்றித் துடைக்க வேண்டும். செயின் விறைப்பாக இருக்கக் கூடாது, நடுவில் விரலால் தூக்கினால் கொஞ்சம் ஏறி இறங்க வேண்டும், அவ்வப்போது துடைத்து ஆயில் விட வேண்டும். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் தொட்டவுடன் பிடிக்காதபடி கொஞ்சம் "ப்ளே" இருக்க வேண்டும். டயரில் காற்று குறையவிடக் கூடாது. அப்பா ஒவ்வொன்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டினார். நான் திணறிப்போனேன். எங்கள் ஊரில் சோக்கு என்றால், தலையில் எண்ணெய் வழியப் படிய வாரிக்கொண்டு சந்தைக்குக் கிளம்புகிற இளவட்டத்தைப் பார்த்துச் சொல்வது. ப்ளே என்றால் இங்கிலீஷ் புத்தகத்தில் பந்து விளையாடுகிற பையன். இந்த வண்டிக்குச் சோக்கும் உண்டு, விளையாட்டும் உண்டு என்று நினைத்துக்கொண்டேன். நாங்கள் கிளம்புகிற நேரத்தில் மெக்கானிக் அப்பாவின் தோளைத் தட்டி இன்னும் ஒன்று சொன்னார்.

"ஏனுங்க, வழியில நின்னுபோச்சுன்னா பயந்துக்காதீங்க. ரிசர்வ்ல போட்டுட்டு ஊடு வந்து சேந்துருங்க."

வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு இதில் ஒரு சிக்கலும் தெரியாது. அந்தக் காலத்து வண்டிகளில் பெட்ரோல் டேங்குக்கு அடியில், விரலால் திருகுகிற மாதிரி சின்னக் குழாய் ஒன்று இருக்கும். பெட்ரோல் குறைந்து வண்டி நின்றுபோனால், அதை "ரிசர்வ்" பக்கம் திருப்ப வேண்டும்; டேங்கின் அடியில் மிச்சம் பிடித்து வைத்திருக்கும் பெட்ரோல் இறங்கிவரும், வீடு போய்ச் சேர்ந்துவிடலாம். மெக்கானிக் சொன்னது அவ்வளவுதான். ஆனால் மலையில் பிறந்தவர்களுக்கு ரிசர்வ் என்றால் ஒன்றே ஒன்றுதான். அது காடு. வெள்ளையடித்த எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சர்க்கார் காடு. "மாட்ட ரிசர்வ்ல உட்டுறாத", "ரிசர்வ்ல சுள்ளி பொறுக்காத" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த காது எங்களுடையது. வழியில் வண்டி நின்றுவிட்டால் அதைக் காட்டுக்குள் போட்டுவிட்டு நாம் வீடு வந்து சேர்ந்துவிட வேண்டும் என்று அப்பா புரிந்துகொண்டார். பக்கத்தில் நின்ற நானும் அப்படியே புரிந்துகொண்டேன். காட்டில் போடச் சொல்கிறாரே, அது என்ன வழக்கம் என்று இருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. சோக்கும் ப்ளேயும் உள்ள வண்டிக்கு இப்படியும் ஒன்று இருக்கலாம்தானே.

சில நாட்களிலேயே அதற்கு வேளை வந்துவிட்டது. செம்மேட்டில் உரக்கடைக்குப் போன அப்பா பாதி வழியில் நின்றுபோனார். டேங்கை ஆட்டிப் பார்த்தார். உள்ளே "சளக், சளக்" என்று கேட்டது. ஆகவே பெட்ரோல் குறையில்லை என்று முடிவுசெய்தார். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார். உதைத்து உதைத்துக் கால் சளைத்துப்போன பிறகு மெக்கானிக் சொன்னது ஞாபகம் வர, வண்டியை எல்லைக்கல்லைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போய், சரிவில் ஒரு மரத்தின்மேல் சாய்த்து, உண்ணிச்செடிக் கிளைகளை ஒடித்து மூடிவிட்டு, நடந்தே வீடு வந்தார். மறுநாள் காலையில் போய் உதைத்தால், வண்டி உடனே கிளம்பிவிட்டது.

அது எப்படி என்று இப்போது எனக்குத் தெரியும். டேங்கின் அடிவயிறு கழுதைமேல் போட்ட பொதியைப் போல இரண்டு பக்கமும் தொங்கும். குழாய் ஒரு பக்கம்தான். வண்டியைச் சாய்த்துப் போட்டால் அந்தப் பக்கத்துப் பெட்ரோல் இந்தப் பக்கம் வழிந்து வந்து, பாட்டிலில் பெட்ரோல் விற்கிற கடைவரைக்கும் ஓடப் போதுமானதாக இருக்கும். ஆனால் அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், ராத்திரி ரிசர்வில் கிடந்த வண்டி காலையில் சரியாகிவிட்டது என்பதுதான். மெக்கானிக்கின் பேச்சில் அப்பாவுக்கு இருந்த மரியாதை இரண்டு மடங்காகிவிட்டது. மூலிகைக் காற்று பட்டுத்தான் வண்டி எழுந்துகொண்டது என்று நான் பள்ளிக்கூடத்தில் பரப்பினேன். அதை நம்பியவர்களும் இருந்தார்கள். அதற்குப் பிறகு வண்டி எங்கே நின்றாலும் அப்பா பதறுவதில்லை. பக்கத்தில் ரிசர்வ் எங்கே தொடங்குகிறது என்று மட்டும் பார்ப்பார். எங்கள் மலையில் அது எங்கேயும் தூரம் கிடையாது.

அம்மாவுக்கு மட்டும் இது பிடிபடவேயில்லை. அவள் குண்டனி நாட்டுப் பெண். அவளுடைய அப்பா, அதாவது என் அப்புச்சி, நான் பிறப்பதற்கு முன்பே ரிசர்வ் கேஸில் ஜெயிலுக்குப் போய்வந்தவர். சந்தனக்கட்டை என்று ஊரில் சொல்வார்கள். அதற்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. அப்புச்சியும் வீட்டுக்கு வந்தால் யாரோடும் அதிகம் பேசமாட்டார், சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். வண்டி மறுபடியும் ஒருநாள் ரிசர்வில் கிடந்துவிட்டு வந்தபோது அம்மா அப்பாவிடம் கேட்டாள்.

"வண்டிய வித்தவன் எதுக்குங்க அத ரிசர்வ்ல போட்டுட்டு வரச் சொல்றான்? நாம இங்க தூங்கறப்ப அத யாரு எடுத்து ஓட்டறாங்கன்னு யோசிச்சுப் பாத்தீங்களா?"

அப்பாவுக்கு அந்த யோசனையே எழுந்ததில்லை. வண்டியைப் பற்றித் தெரிந்தவர் சொல்கிறார், நமக்கென்ன தெரியும் என்று முனகினார். அம்மா விடவில்லை. வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். பின்னால் கேரியரில் ஒரு கயிற்றுத் துண்டு சிக்கியிருந்தது. இது யாருடையது என்று கேட்டாள். அப்பா விழித்தார். எங்கள் குச்சிக்கிழங்கு மூட்டையைக் கட்டிய கயிறாகத்தான் இருந்திருக்கும், அப்பா மறந்திருப்பார். அவர் மறக்காத பொருள் எங்கள் வீட்டில் எதுவும் இல்லை. ஆனால் அன்று அம்மாவின் கையில் அந்தக் கயிறு சாட்சியாகிவிட்டது. சம்சாரியின் தலையில் பழைய வண்டியைக் கட்டிவிட்டு, வேண்டும்போது அதைக் காட்டில் நிறுத்தச் சொல்லி, யாரோ ராத்திரியில் கட்டை கடத்துகிறார்கள், அகப்படும்போது வண்டிக்காரன்தான் அகப்படுவான் என்பது அவள் கணக்கு. யோசித்துப் பார்த்தால், கிடைத்த விவரங்களுக்கு அதைவிட ஒழுங்கான கணக்கை யாராலும் போட்டிருக்க முடியாது. அந்த மெக்கானிக்கிடமே வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றாள். வாங்கிய பொருளைக் காரணம் சொல்லாமல் எப்படித் திருப்பிக் கொடுப்பது என்றார் அப்பா. பேச்சு வளர்ந்தது. மறுநாள் காலை அம்மா, கைக்குழந்தையாக இருந்த என் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஒரு பையில் துணிகளோடு குண்டனி நாட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

எனக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் என்னை விட்டுவிட்டுப் போனாள் என்று சொன்னார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றும் சொன்னார்கள். உடம்பு சரியில்லாதவள் எதற்குத் தம்பியைத் தூக்கிக்கொண்டு போனாள் என்று கேட்டால் பேச்சை மாற்றினார்கள். பக்கத்து வீட்டில் "வண்டியாலதான்" என்றார்கள். வண்டி அம்மாவை என்ன செய்தது? அவள் அதில் ஒருநாள்கூட ஏறியதில்லை. நான் வண்டியின் பக்கத்தில் போய் நின்று அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். கோபம் வந்தது, ஆனால் எங்கே அடிப்பது என்று தெரியவில்லை.

அப்பாவோ இரவும் பகலும் வண்டியைக் கட்டிக்கொண்டு அழுதார் என்றுதான் சொல்ல வேண்டும். கட்டிகட்டியாக ஒரு களியைக் கிண்டி எனக்குப் போட்டுவிட்டு, சாமான்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கருக்காத பிளக்கையும் கழற்றித் தேய்த்தார். காற்று வடிகட்டுகிற பஞ்சைப் பெட்ரோலில் அலசிக் காயவைத்தார். செயின் தொங்குவது தப்பு என்று எப்படியோ மனதில் பதிந்துபோய் அதை இறுக்கிவிட, வண்டி போகும் வழியெல்லாம் ஒரு மாதிரி ஊளையிட்டது. தளர்த்தியிருக்க வேண்டும் என்பது ஞாபகம் வந்து தலையில் அடித்துக்கொண்டு மறுபடியும் தளர்த்தினார். எதற்கு இப்படிப் பாடுபடுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. ஒருநாள் நானே கேட்டுவிட்டேன்.

"நிக்காம ஓடுனா ரிசர்வ்ல போட வேண்டியதில்லல்ல கண்ணு. அப்ப உங்கம்மா வந்துருவா" என்றார்.

வண்டி ஓடினால் அம்மா வருவாள். அதன் பிறகு பிளக்கை நானும் ஊதினேன்.

பள்ளிக்கூடம் இல்லாத ஒருநாள் காலையில், தலை சீவிவிட்டு, என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, அம்மாவை அழைத்துவர அப்பா குண்டனி நாட்டுக்குக் கிளம்பினார். வண்டி அன்றைக்கு ஓடிய மாதிரி என்றைக்கும் ஓடியதில்லை. அவர் துடைக்காத ஒரு திருகாணி அதில் இல்லை. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் அவர் பார்த்திருக்கவில்லை. அம்மாவின் ஊருக்கு ஒரு மேடு மட்டும் மிச்சமிருக்கையில், ரிசர்வை ஒட்டிப் போகிற வளைவில், வண்டி இருமியது, குலுங்கியது, நின்றது.

அப்பா கொஞ்ச நேரம் இறங்காமல் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார். வளைவில் விட்டால் பஸ்ஸோ லாரியோ இடித்துவிடும். மேட்டில் தள்ள அவரால் ஆகாது. வலது பக்கம் எல்லைக்கல் தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அம்மாவிடம் தான் சொல்லிக்கொள்வதாகவும் நான் வாயைத் திறக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டு, வண்டியைக் காட்டுக்குள் தள்ளினார். கிளைகளை ஒடித்து மூடிக்கொண்டிருந்தபோது பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது.

மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து வேலைக்கு வந்திருந்த பாரஸ்ட் கார்டு அவர். சின்ன வயதுதான். அவ்வப்போது ரிசர்வுக்குள் ஒரு வண்டி ஒளித்து வைக்கப்படுகிறது என்று அவருக்கு முன்பே தகவல் போயிருந்ததாம். ஒளித்து வைக்கிற கையையே பிடித்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது. யார் போடச் சொன்னது என்று கேட்டார். அப்பா கைகட்டிக்கொண்டு, முள்ளுக்குறிச்சியில் ஒருத்தர் ரிசர்வில் போட்டுவிட்டு வரச் சொன்னார் என்றார். அதைவிடத் தெளிவான வாக்குமூலம் எந்தக் கார்டுக்குக் கிடைக்கும்? அவர் வயர்லெஸ்ஸில் ஜீப்புக்குச் சொல்லிவிட்டு எங்களை ரோட்டோரம் உட்காரச் சொன்னார். அப்பா குந்தியிருந்தார். மெக்கானிக் சொன்னதை ஒன்றுவிடாமல் செய்த மனிதர் எதற்குக் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை. குண்டனி நாட்டு பஸ் எங்களைத் தாண்டிப் போனது. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் ஒரு பக்க ஜன்னலுக்கு வந்து பார்த்தார்கள்.

பஸ்ஸில் போனவர்கள் சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பாதி நடையும் பாதி ஓட்டமுமாக மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். அப்பாவைத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே கார்டின் முன்னால் போய் நின்றாள்.

"இவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க. வழியில நின்னுபோச்சுன்னா ரிசர்வ்ல போட்டுட்டு ஊடு வந்து சேந்துருன்னு வண்டிய வித்தவன் சொல்லியிருக்கறான். அவனப் புடிங்க. இவரு சொன்னதச் செய்யற ஆளு, அவ்வளவுதானுங்க."

கார்டு அவளையே பார்த்தார். "வழியில நின்னுபோச்சுன்னாவா?" என்று மெதுவாகக் கேட்டார்.

பயத்தில் அப்பா பின்பாதியை மட்டும்தான் சொல்லியிருந்தார். முன்பாதி அம்மாவின் வாயிலிருந்துதான் வந்தது. கார்டு புதருக்குள் போனார். கிளைகளை விலக்கி, வண்டியை நிமிர்த்தி, குனிந்து, டேங்கின் அடியில் இரண்டு விரலை விட்டு எதையோ திருகினார். கொஞ்சம் பொறுத்து ஒரு உதை, இன்னொரு உதை. வண்டி பிடித்துக்கொண்டது. நீலப் புகை உண்ணிச்செடிக்கு மேலே எழுந்தது. கார்டு எல்லைக்கல்லின்மேல் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு அப்பாவைக் கூப்பிட்டுக் குழாயைக் காட்டி, இதற்கு ஒரு பெயர் உண்டு, அந்தப் பெயர்தான் ரிசர்வ் என்றார். அப்பா அந்தக் குழாயை வெகுநேரம் பார்த்தார். அவர் தினமும் துடைத்த குழாய்தான். கார்டு சிரிக்கிறாரே என்று நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. ரோட்டோரம் அப்படியே உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எல்லாம் சரியாகிவிட்ட பிறகு எதற்கு அழ வேண்டும் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஜீப் வர்றதுக்குள்ள கெளம்புங்க. அவங்ககிட்ட நான் பேசிக்கறேன். இத இன்னொரு தடவ நீங்க சொன்னா நானே நம்பமாட்டேன்" என்றார் கார்டு.

அம்மா முதல் தடவையாக வண்டியில் ஏறினாள். தம்பி அவள் மடியில், நான் முன்னால் டேங்கின்மேல். மேடு ஏறிப் போய் அவளுடைய பையை எடுத்துக்கொண்டு அன்றே வாழவந்தி நாட்டுக்குத் திரும்பிவிட்டோம்.

இந்தக் கதை எங்கள் சொந்தக்காரர்களிடம் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. கல்யாண வீட்டில் யாராவது தொடங்கிவைப்பார்கள். அப்பாவே முன்வந்து நடித்துக்காட்டுவார். அவர் இப்போது வண்டி ஓட்டுவதில்லை. அந்தப் பழைய வண்டியைக் காயலான் கடைக்காரர் கொண்டுபோய் வெகுகாலமாகிறது. நான் சேலத்தில் குடியிருக்கிறேன். என் ஸ்கூட்டரில் அப்படியொரு குழாய் கிடையாது. பெட்ரோல் குறைந்தால் கண்ணாடிக்குள் ஒரு விளக்கு மினுக்குகிறது. தம்பியின் மகனிடம் வண்டியின் ரிசர்வ் என்றால் என்னவென்று கேட்டேன். டிரெயின் டிக்கெட்டா அத்தை என்றான். மலையில் இப்போது வீட்டுக்கு இரண்டு வண்டி நிற்கிறது. எதிலும் திருகுவதற்கு ஒன்றும் இல்லை.

போன முறை ஊருக்குப் போயிருந்தபோது அப்பா யாருக்கோ அந்தக் கதையைச் சொல்லி எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் உள்ளே மிளகு புடைத்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை வருடத்துக் குழப்பத்தைக் கேட்டேன். அன்றைக்கு ஏன் அழுதாய்? அம்மா முறத்தை நிறுத்தினாள்.

"எங்கப்பனும் அந்தக் கட்டைக் கேஸ்ல அதையேதான் கண்ணு சொன்னாரு. 'மூட்டைய எடுத்துட்டு வரச் சொன்னாங்க, எடுத்துட்டு வந்தேன். உள்ள என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க'ன்னு. அவரு சொன்னது நெசம்னு காட்ட, அங்க திருகறதுக்கு ஒண்ணும் இல்ல."